தொப்பூர்க் கணவாயும் தொழிலாளர் நஷ்டஈடும்

தருமபுரியினின்று சேலத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூருக்கு அருகே மேட்டு நிலத்தை விட்டு இறங்கத் தொடங்குகின்றது. இருமருங்கும் குன்றுகள் நெருங்கி நிற்ப, சாலை வளைந்து வளைந்து தாழ்நிலத்தை அடையும் இவ்விடத்தைத் தொப்பூர்க் கணவாய் என்று வழங்குவர். பண்டு மைசூர் நாட்டினின்று கீழ்நாட்டிற்குச் சேனைகள் போந்த வழிகளுள் இதுவும் ஒன்று. 1790-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படை இவ்வழியே இறங்கியது. இக்காலத்தில் இவ்வழியே இறங்குவன லாரிகள். வடக்கே ஸ்ரீநகரையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி இஃது ஆதலால், இரவென்றும் பகலென்றும் இன்றிப் பாரவண்டிகள் சென்றுகொண்டேயிருக்கின்றன.

இக்கணவாயின் பெயர் செய்தித்தாள்களில் அடிபடுவதெல்லாம் பெரும்பாலும் விபத்தைக் குறித்தேயாம். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிமெண்டு ஏற்றி வந்த லாரியொன்று நிலைதவறிப் பல கார்களின்மேல் மோதி உயிர்ச்சேதம் விளைத்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் இரட்டைப் பாலத்தருகே லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பற்றியதில் நால்வர் மாண்டனர். இங்கு நேரும் விபத்துக்களுக்குப் போலீஸார் பலகாலும் கூறும் காரணம் ஒன்றுண்டு. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கக் கருதி டிரைவர் கியரை விடுவித்து நியூட்ரலில் வண்டியை ஓடவிடுகின்றார். எஞ்சினின் பிடிப்பு நீங்கவே, பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழுகின்றது. பிரேக்கு சூடேறிப் பிடிக்காமற் போகின்றது. சில படி டீசலை மிச்சம் பிடிக்கும் ஆசையில் உயிர்கள் போகின்றன.

விபத்து நடந்த அன்று கூடும் கூட்டம் மறுநாள் கலைந்துவிடும். அப்பால் எழும் வினாவைக் குறித்தே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். இறந்த டிரைவரின் குடும்பத்தையும், கால் முறிந்த கிளீனரின் குடும்பத்தையும் தாங்குபவர் யாவர்? "இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அது கொடுக்கும்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். கொடுக்கவும் செய்யலாம், கொடாதொழியவும் செய்யலாம். கொடுக்க வேண்டிய கடமை முதன்முதல் யாருடையது என்பதைச் சட்டம் ஐயத்திற்கிடமின்றிச் சொல்லியிருக்கின்றது, அது முதலாளியுடையது. இன்ஷூரன்ஸ் என்பது அவர் தம் தோளிலுள்ள சுமையைப் பிறர்க்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடேயன்றி, அஃதின்மையால் சுமை இல்லாமற் போவதில்லை.

முதலாளி என்றவுடன் மாளிகையும் மோட்டாரும் உடையவரை நினைத்தல் வேண்டா. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள லாரி உடைமையாளருள் ஒரு வண்டியும் இரண்டு வண்டியும் வைத்துப் பிழைப்பவர் பலர். நேற்று டிரைவராயிருந்தவர் இன்று கடன் வாங்கி ஒரு பழைய லாரியைப் பிடித்து, மாதத் தவணை கட்டிக்கொண்டு, தாமே ஒரு நடை ஓட்டி, மறுநடைக்கு ஒருவரைச் சம்பளத்திற்கு வைத்துக்கொள்ளுகின்றார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, பஞ்சர் ஒட்டும் கடை, கல்லுடைக்கும் ஆலை இவற்றை நடத்துவோரிலும் இத்தகையோர் மிகப் பலர். தொழிலாளியின் வறுமைக்கும் இவரது செல்வத்திற்கும் இடையே உள்ள தூரம் ஒரு தவணை தவறினால் மறைந்துபோகும் தூரமே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு இவரும் முதலாளி. பெரிய ஆலை உடையவர்க்கும் இவர்க்கும் அளவுகோல் ஒன்றே.

இச்சட்டத்தின் வரலாறும் ஒரு பாரவண்டியிலிருந்தே தொடங்குகின்றது. 1835-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டியில் சென்றபோது, வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்து படுக்கையிற் கிடந்தான். அவன் தொடுத்த வழக்கில் ஜூரிகள் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். 1837-இல் மேல் நியாயஸ்தலத்து ஜட்ஜாகிய அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். வேலையாள் தன் வேலையிலுள்ள அபாயத்தைத் தானே அறிவான், அறிந்தே ஏற்றான், எஜமானர்மேற் பொறுப்புச் சுமத்தினால் அதற்கு எல்லையே இராது என்பது அவர் காட்டிய நியாயம். இதனின்றும் வளர்ந்த கொள்கையே, உடன்வேலையாளின் பிழையால் நேர்ந்த தீங்கிற்கு எஜமானர் பொறுப்பாளியல்லர் என்பது. ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிய அந்நூற்றாண்டில் கையிழந்தோரும் காலிழந்தோரும் வெறுங்கையோடு வீடு திரும்பியதற்கு இத்தீர்ப்பு ஒரு பெருங்காரணம்.

ஜெர்மனி தேசம் வேறு வழியைக் கைக்கொண்டது. 1884-இல் பிஸ்மார்க் என்னும் மந்திரியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், ஒரு தொழிலைச் செய்யும் முதலாளிகள் அனைவரும் ஒரு சங்கமாகச் சேர்ந்து பணம் செலுத்தவும், அப்பொதுப் பணத்தினின்று விபத்துற்றோர்க்குப் படி கொடுக்கவும் கட்டாயப்படுத்திற்று. பிழை யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. இங்கிலாந்து 1897-இல் அக்கேள்வியை ஒழித்தது. ஆனால் பணம் கொடுக்கும் பொறுப்பைத் தனித்தனி முதலாளியின் தலையிலேயே வைத்தது. இன்ஷூர் செய்துகொள்வதும் செய்யாதொழிவதும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 1924 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இவ்விங்கிலாந்து வழியையே பின்பற்றியது. அக்காலத்தில் தொழிலாளி இறந்தால் முப்பது மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் குறைந்ததே நஷ்டஈடு. இங்கிலாந்து பின்னர்த் தன் வழியை மாற்றி, 1948-இல் சர்க்கார் பொது நிதியையும், 1972-இல் கட்டாய இன்ஷூரன்ஸையும் ஏற்படுத்திக்கொண்டது. நாமோ 1948-இல் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டத்தை இயற்றியும், அதன் எல்லைக்குள் வாராத சிறு தொழில்களைப் பழைய வழியிலேயே விட்டுவிட்டோம். சிறு முதலாளிக்கு இன்றுள்ள இடர்ப்பாட்டின் வேர் இதுவே என்பது எமது கருத்து.

பழைய சட்டம் பலமுறை திருத்தம் பெற்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், என்றோ ஒருநாள் கூலிக்கு வந்தவனும் தொழிலாளியே ஆனான். 2010-இல் அதன் பெயரே மாறிற்று. முடிவில் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. பெயரும் பிரிவெண்களும் மாறினவேயன்றி நஷ்டஈட்டின் அடிப்படை மாறவில்லை.

அவ்வடிப்படை யாதெனின், வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தால் தீங்குற்றால் முதலாளி ஈடு செய்தல் வேண்டும் என்பதே. முதலாளி பிழை செய்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. தொழிலாளி குடித்திருந்தான், கட்டளையை வேண்டுமென்றே மீறினான் என்பன சிறு காயங்களுக்கு மட்டுமே விடையாகும். அவன் இறந்துவிட்டாலோ, முற்றிலும் முடவனாய்விட்டாலோ அவ்விடை செல்லாது. ஆகவே தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதே என்று முதலாளி ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும், டிரைவர் அதனைக் கேளாது ஓட்டி மாண்டால், அவர் குடும்பத்திற்கு நஷ்டஈடு உண்டு. இது முதலாளிக்கு அநீதியாகத் தோன்றலாம். ஆனால் டீசல் மிச்சத்திற்கு ஏற்பப் படி கொடுக்கும் வழக்கம் உள்ள தொழிலில், பிழையைப் பங்கு பிரிக்கப் புகுந்தால் வழக்குத் தீருமுன் குழந்தைகள் பட்டினி கிடக்கும்.

வேலையினால் நேர்ந்தது எது என்பதில் நியாயஸ்தலங்கள் நுட்பமாக ஆராய்ந்துள்ளன. 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு, கப்பலினின்று காணாமற்போன மாலுமி ஒருவரைக் குறித்து, வேலையிலிருந்தார் என்பது மட்டும் போதாது, வேலைக்கும் சாவிற்கும் தொடர்பு காட்டல் வேண்டும் என்றது. 2012-இல் அதே கோர்ட்டு, டில்லியினின்று 1,152 கிலோமீட்டர் தொலைவுள்ள ஊருக்கு லாரி ஓட்டிச் சென்று, வழியில் உடல் தளர்ந்து வண்டியை ஓரமாக நிறுத்தி மயங்கி விழுந்து இறந்த டிரைவரின் வழக்கில், நெடுந்தூரம் ஓட்டிய களைப்பே அத்தொடர்பு என்று கொண்டது. மோதலும் முறிவும் இல்லாத சாவும் விபத்தாகலாம் என்பதை லாரி உடைமையாளர் அறிதல் நன்று. வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்துமாயின், இதனுள் அடங்கும் என்று 2025-இல் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில் தீர்ப்பாயிற்று. புதிய சட்டத் தொகுப்பும் அதனைத் தெளிவாகக் கூறுகின்றது.

இனித் தொகையைப் பார்ப்போம். சாவாயின், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கல் வேண்டும். வயது ஏற ஏற இவ்வெண் குறையும். இருபத்தைந்து வயதிற்கு 216.91, நாற்பது வயதிற்கு 184.17, அறுபது வயதிற்கு 117.41. கணக்கிற்குக் கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. நாற்பது வயதுடைய டிரைவர் அச்சம்பளமோ அதற்கு மேலோ பெற்றிருந்தால், 7,500-ஐ 184.17-ஆல் பெருக்க 13,81,275 ரூபாய் வரும். பன்னிரண்டாயிரம் சம்பளம் பெற்ற இருபத்தைந்து வயதுக் கிளீனர்க்கு 13,01,460 ரூபாய். முற்றிலும் முடவராய்ப் பிழைத்திருந்தால் சம்பளத்தில் பாதிக்கு மாறாக நூற்றுக்கு அறுபது பங்கு கொள்ளப்படும். முற்கூறிய டிரைவர்க்கு 16,57,530 ரூபாய். இறந்தவரினும் இருப்பவர்க்கு மிகுதி ஏன் என்று கேட்பாருளர். இருப்பவர் தாமும் உண்ணல் வேண்டுமன்றோ! இவற்றோடு வைத்தியச் செலவு முழுதும் முதலாளியைச் சேர்ந்ததாகும்.

எவ்வளவு ஊனம் என்பதை உடலுறுப்பை அளந்து மட்டும் சொல்லிவிட முடியாது. சினிமாக் கொட்டகையில் வேலை செய்கையில் விழுந்து இடக்கை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்யவொண்ணாது ஆகலின் அவர் இழந்தது தொழில் முழுவதையுமே என்று சுப்ரீம் கோர்ட்டு 1975-இன் இறுதியில் கூறிற்று. ஒரு கால் இழந்த லாரி டிரைவர்க்கும் இந்நியாயம் பொருந்தும்.

இத்தொகைகள் ஒரு பழைய லாரியின் விலையைப் பலவேளைகளிற் கடந்து நிற்பன. இங்கேதான் சிறு முதலாளி பெருந்தவறு ஒன்றைச் செய்கின்றார். விபத்து நடந்த மூன்றாம் நாளோ கருமாதிக்குப் பின்னரோ ஊர்ப் பெரியவர்கள் கூடுகின்றனர். ஒரு தொகையைப் பேசி முடிக்கின்றனர். முதலாளி வட்டிக்கு வாங்கி அதனை விதவையின் கையிற் கொடுத்து, "இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை" என்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுகின்றார். நல்ல எண்ணத்தோடு செய்வோரே இவருட் பலர். ஆனால் சட்டத்தின்முன் அத்தாளுக்கு மதிப்பில்லை. சாவுக்குரிய நஷ்டஈட்டைத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் செலுத்துவதே செலுத்துதலாகும். நேரிற் கொடுத்தது கொடுத்ததாகாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரையில் கொடுத்திருந்தால் அது மட்டும் கணக்கிற் கழியும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கையும் செல்லாது.

சட்டம் ஏன் இத்துணைக் கடுமையாக இருக்கின்றது? துயரத்தில் ஆழ்ந்த பெண்ணுக்குத் தனக்குரிய தொகை எவ்வளவு என்பது தெரியாது. மைத்துனரும் கடன்காரரும் அப்பணத்தின்மேற் கண் வைத்திருப்பர். சிறு குழந்தைகட்காகப் பேசுவார் இலர். அதிகாரி அப்பணத்தை மனைவி, மக்கள், பெற்றோர் என்று பங்கிட்டு, மைனர்களின் பங்கை வங்கியில் இட்டு வைக்கக்கூடும். அப்பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யவும் இயலாது. பாதுகாப்பு விதவைக்காகச் செய்யப்பட்டதாயினும், அதனை அறியாத முதலாளி இருமுறை கொடுக்க நேர்கின்றது.

காலந் தாழ்த்தினால் வேறொரு துன்பம். பணம் விபத்தன்றே கடனாய்விடுகின்றது. ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிடில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் தொகையிற் பாதிவரை அபராதமும் சேரும். கொடாதவரிடத்து நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். இன்ஷூரன்ஸ் உள்ளவரும் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1997-இல் சுப்ரீம் கோர்ட்டு மோட்டார் இன்ஷூரன்ஸைப் பற்றிச் சொன்ன தீர்ப்பின்படி, நஷ்டஈட்டையும் வட்டியையும் கம்பெனி கொடுக்கும்; அபராதத்தை முதலாளியே தம் கையினின்று கொடுத்தல் வேண்டும். மோட்டார் அல்லாத மற்றத் தொழில்களுக்குரிய பாலிசியில், வட்டியைக் கொடோம் என்று கம்பெனி நிபந்தனை எழுதிக்கொள்ளலாம் என்று 2006-இல் தீர்ப்பாயிற்று.

இன்ஷூரன்ஸில் எப்பாலிசி எதற்கு என்பதைப் பலர் அறியார். மூன்றாம் நபர்க்குரிய மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது. அது முக்கியமாய்ச் சாலையிற் செல்லும் பிறர்க்காக உள்ளது. சம்பளம் பெறும் டிரைவர், கிளீனர், சுமையாள் ஆகியோர்க்குரிய பொறுப்பு அதில் எத்தனை பேர்க்குச் சேர்க்கப்பட்டிருக்கின்றது என்பதைப் பாலிசித் தாளிற் பார்த்தல் வேண்டும். அதற்குரிய கூடுதல் பிரீமியம் மிகச் சிறியது. டிரைவர் ஒருவர்க்கு மட்டும் செலுத்தி, வண்டியில் கிளீனரையும் இரண்டு சுமையாட்களையும் ஏற்றி அனுப்பினால், மற்றை மூவர் பொருட்டு வழக்கு எழுதல் உறுதி. மோட்டார்ச் சட்டத்தின்கீழ்க் கேட்பதா, நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ்க் கேட்பதா என்பது குடும்பத்தாரின் விருப்பம். இரண்டிலும் பெற இயலாது.

வண்டிக்கு வெளியே வேலை செய்வோர்க்கு, அதாவது பட்டறையிலும் கிடங்கிலும் உள்ளோர்க்கு, தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி என்று தனியாக உண்டு. சம்பளத் தொகையையும் வேலையின் அபாயத்தையும் கொண்டு பிரீமியம் கணக்கிடப்படும். பிரீமியத்தைக் குறைக்க எண்ணிச் சம்பளத்தையோ ஆட்தொகையையோ குறைத்துக் காட்டுவோர் உளர். காட்டிய அளவிற்கே கம்பெனி பொறுப்பாகும், எஞ்சியது முதலாளியைச் சாரும். வைத்தியச் செலவு பல பாலிசிகளில் தனியே பணம் செலுத்தினாலன்றிச் சேராது. இதனை ஏஜெண்டுமார் சொல்லாமல் விடுவதும் உண்டு. மேஸ்திரி மூலம் வந்த கூலியாட்களுக்கும் வேலை செய்வித்துக்கொண்டவர் முதற்கண் பொறுப்பாளி. பின்னர் அவர் மேஸ்திரியிடம் திருப்பிப் பெறலாம் என்று சட்டம் சொல்லும். பெறுதல் எளிதோ என்பது வேறு. பிரீமியம் கம்பெனியின் கைக்குச் சேருமுன் பாலிசிக்கு உயிரில்லை ஆகலின், செக்கு திரும்பி வந்தால் காப்பும் திரும்பிவிடும்.

பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடமாயின், தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் எல்லைக்குள் வந்துவிடும். 2019 ஜூலை முதல் முதலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 3.25-ம், தொழிலாளி 0.75-ம் செலுத்துகின்றனர், 2017 முதல் 21,000 ரூபாய்வரை மாதச் சம்பளம் பெறுவோர் இதற்குரியர். அதிற் சேர்ந்த தொழிலாளி விபத்துற்றால் முதலாளி தனியே நஷ்டஈடு கொடுக்க வேண்டுவதில்லை. பெரிய தொழிலுக்கு இச்சுமை இவ்வாறு எளிதாய் இறங்க, மூவரை வைத்துப் பிழைப்பவர்க்கு மட்டும் முழுச் சுமையும் நிற்பது விந்தையன்றோ! லாரி உடைமையாளர் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. ஜெர்மனியின் பழைய முறையில், அவை தம் அங்கத்தினர் அனைவர்க்குமாக ஒரே பாலிசி எடுத்துக்கொண்டால் பிரீமியமும் குறையும். மறதியால் விட்டுப்போதலும் இராது. நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸை எல்லார்க்கும் கட்டாயமாக்கும் நாள் வரும்வரை இதனினும் தக்க வழி எமக்குத் தோன்றவில்லை.

இறுதியாக, தாமே வண்டி ஓட்டும் முதலாளியின் நிலை. அவர் யார்க்கும் தொழிலாளி அல்லர். ஆதலின் இந்நஷ்டஈட்டுச் சட்டத்தில் அவர் பெயரில்லை. மோட்டார் பாலிசியோடு சேர்ந்த உடைமையாளர்-டிரைவர் விபத்துக் காப்பு ஒன்றே அவர்க்குரியது; அதன் தொகை 15 லட்சம் ரூபாயாக 2018-இல் உயர்த்தப்பட்டது. ஆயினும் வண்டி அவர் பெயரில் பதிவாகியிருத்தல் வேண்டும். செல்லத்தக்க லைசென்ஸும் இருத்தல் வேண்டும். கடன் வாங்கும் வசதிக்காக மனைவியின் பெயரிலோ தந்தையின் பெயரிலோ லாரியை வாங்கித் தாம் ஓட்டுவோர், ஏட்டில் உடைமையாளரும் ஆகார், சம்பளக்காரரும் ஆகார். அத்தகையோர் தம் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுத்தலே வழி. அதுவும் இயலாதவர்க்கு, 2015-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா வங்கிகளில் உண்டு. பதினெட்டு முதல் எழுபது வயது வரையுள்ளோர்க்கு ஆண்டுச் சந்தா 2022 ஜூன் முதல் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். ஜூன் முதல் தேதி தொடங்கி மே மாத இறுதியோடு ஓராண்டு முடியும். சந்தாவை வங்கி தானே கணக்கினின்று எடுத்துக்கொள்ளும் ஆதலால், மே மாதக் கடைசியில் அவ்விருபது ரூபாய் கணக்கில் இருத்தல் வேண்டும்.